ஸ்காரோ தீவின் ஐந்தாவது குழி

கோப்பைத் திறப்பதற்கு முன் ரோலண்ட் பிக்கர்ஸ்கில் மேஜை மேலிருந்த உப்புக் குப்பியையும் கடுகுப் பாட்டிலையும் ஓரமாக நகர்த்தி வைத்தார். போர்க்கப்பல் நங்கூரமிடத் துறைமுகத்தைக் காலி செய்கிற தோரணை. கடற்படையில் அவர் இருந்தது இரண்டு வருடம். கப்பல் ஏறியதில்லை, போர்ட்ஸ்மத் கிடங்கில் கம்பளிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அதன்பின் முப்பத்தோரு வருடம் பிளாஸ்டிக் வாளிகள் விற்றார். ஆனாலும் தார்ன்பி கோல்ஃப் கிளப்பில் கடல், காற்று, கடல் ஏறி இறங்குகிற ஓதம் பற்றிய பேச்சு எழுந்தால் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் இருமுவார்.

"பயணக் குழுவோட முதல் கூட்டம்," என்றார் ரோலண்ட். "வந்திருக்கிறவங்க மூணு பேர். வராதவங்க யாருமில்ல."

"குழுவுல இருக்கறதே மூணு பேர்தானே," என்றார் நார்மன் த்ரெல்கெல்ட்.

"அதையும் குறிச்சுக்கணும்."

குறித்துக்கொண்டார். தொண்ணூற்றாறாம் வருடம் மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை அது. சன்னலுக்கு வெளியே பதினெட்டாம் குழியின் கொடி மழையில் நனைந்து கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. நார்மன் ரோலண்டைப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த வில்ஃப் டன்னக்ளிஃபைப் பார்த்துக்கொண்டிருந்தார். வில்ஃப் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பாதி வெண்ணெய் ரொட்டியில் விழுந்தது, மீதி மேஜைத்துணியில். அவர் பார்வையோ ரொட்டியில் இல்லை, இரண்டு சாண் தள்ளி, சாம்பல் கிண்ணத்தின் மேல் இருந்தது. இப்போதெல்லாம் அப்படித்தான். எதை நேராகப் பார்க்கிறாரோ அது மறைந்துவிடும். அதற்குப் பக்கத்தில் இருப்பது தெரியும். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் உங்கள் காதைப் பார்ப்பார். விழித்திரையின் நடுவில் ஓட்டை, மருந்து கிடையாது, இலையுதிர் காலம் வரை ஓரளவு ஓடும் என்று லெஸ்டர் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். வில்ஃப் அதை பஸ் நேரம் சொல்வதுபோல இவர்களிடம் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் ஸ்காரோ பேச்சு வந்தது.

ஸ்காரோ, கம்ப்ரியாக் கரைக்கு அப்பால் கிடக்கிற தீவு. நாளுக்கு இரண்டு முறை கடல் விலகி மணல் வழி விடும். மற்ற நேரத்தில் தண்ணீர். ஐம்பத்திரண்டில் மின்வாரியத்துக் கம்பியாளாக அங்கே கேபிள் இழுக்கப் போனபோது வில்ஃபுக்கு இருபத்து நாலு வயது. தீவில் ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் இருந்தது. விவசாயிகள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆடினார்கள். ஐந்தாவது குழிக்கு மட்டும் தரை கிடையாது. இந்தப் பாறை விளிம்பில் நின்று அடித்தால் நடுவே கடல், அந்தப் பக்கத்துப் பாறையில் கொடி. வேடிக்கை பார்த்து நின்ற கம்பியாளிடம் ஒருவர் மட்டையை நீட்டி, அடிச்சுப் பாரேன் என்றார். வாழ்க்கையில் மட்டையைத் தொட்டிராத வில்ஃப் அடித்தார். பந்து நன்றாக எழும்பிப் போய்ப் பாறைக்கு இரண்டு முழம் முன்னால் கடலில் விழுந்தது. அந்த இரண்டு முழத்துக்காகத்தான் ஊர் திரும்பி மட்டை வாங்கினார், வாரத்துக்கு மூன்று நாள் என்று நாற்பத்து நாலு வருடம் ஆடினார். ஒரு தடவை போய்த்தான் வாயேன் என்று யாராவது சொன்னால், போகலாம், எங்கே ஓடிப்போகுது என்பார்.

"அந்த ஒரு அடிதான் பாக்கி," என்று இப்போது சொன்னார், சாம்பல் கிண்ணத்திடம். "நேரா அடிச்சு அந்தப் பக்கம் விழணும். விழுந்ததை நான் பாக்கணும். ஓரக்கண்ணாலயாவது."

"வர்ற வாரமே போயிடலாம்," என்றார் நார்மன். "ஆறு மணி நேரம். என் கார் இருக்கு."

ரோலண்ட் இருமினார். "போயி? கேட்டைத் தட்டிட்டு நிக்கறதா? நாம என்ன பால்காரங்களா? முறைன்னு ஒண்ணு இருக்கு, நார்மன். முதல்ல நம்ம கிளப் தாள்ல அவங்க செக்ரட்டரிக்கு ஒரு கடிதம். அதோட சேத்து ஆளுக்கொரு ஹேண்டிகேப் சான்றிதழ். பதில் வரட்டும். அப்புறம் ஓதம் பாத்துத் தேதி."

முறை என்ற சொல்லுக்கு அந்தக் கூடத்தில் இருந்த மரியாதை தேவாலயத்தில் வேறொரு சொல்லுக்கு இருந்தது. நார்மனும் அதற்குப் பணிந்தார். ஹேண்டிகேப் என்பது ஆட்டக்காரனின் தரத்தைச் சொல்லும் எண்; அதற்குச் சான்றிதழ் தருகிற கௌரவச் செயலாளர் ரோலண்டேதான். கிளப்பின் விதிப்படி அந்த வருடம் மூன்று ஆட்டங்களை ஒழுங்காக ஆடி முடித்து, கூட ஆடியவர் கையெழுத்திட்ட மூன்று கார்டுகளைக் கொடுத்தவருக்குத்தான் சான்றிதழ். ரோலண்டுக்கும் நார்மனுக்கும் அது பெரிய காரியமில்லை. பந்து எங்கே கிடக்கிறது என்று தெரியாத மனிதருக்கு?

"விதியை நான் எழுதல," என்றார் ரோலண்ட்.

எழுபத்தொன்பதில் அதை எழுதியவர் அவர்தான்.

கடிதம் போனது. முள்ளம்பன்றி படம் போட்ட கிளப் சின்னம், அடியில் யாருக்கும் பொருள் தெரியாத லத்தீன் வாசகம், 'செயலாளர், ஸ்காரோ கோல்ஃப் கிளப்' என்ற விலாசம். வில்ஃப் வற்புறுத்தியதால், ஐந்தாவது குழி இன்னும் அப்படியே இருக்கிறதா என்று கடைசி வரியில் கேட்டிருந்தார்கள். அது கண்ணியக் குறைவான கேள்வி என்று ரோலண்ட் நினைத்தாலும் எழுதினார். ஏப்ரலில் பதில் வரவில்லை. மே மாதமும் இல்லை. டெலிபோன் புத்தகத்தில் அப்படியொரு கிளப்பே இல்லை. அதுவே அதன் தரத்துக்கு அத்தாட்சி என்றார் ரோலண்ட். "பெரிய இடமெல்லாம் நம்பர் கொடுக்காது. அவசரப்படாதே." இரண்டாவது கடிதம் போட்டார், இன்னும் தடிமனான தாளில்.

இதற்கிடையில் வில்ஃப் கார்டுகளைச் சேர்க்கத் தொடங்கினார். நார்மன் கூட ஆடினார்; ஆடினார் என்பதைவிட வில்ஃபின் கண்ணாக நடந்தார் என்பதே சரி. வில்ஃப் அடிப்பார், "எங்க போச்சு?" என்பார், நார்மன் சொல்வார். "ஓக் மரத்துக்கு இடது பக்கம், நூற்றைம்பது கஜம்." வில்ஃப் தலையாட்டிக்கொண்டு நடப்பார். மே மாதக் கார்டு நூற்று நாலு அடி, ஜூன் மாதக் கார்டு நூற்றுப் பதினெட்டு. கேவலமான எண்கள்தாம். ஆனால் நிஜமானவை, முழுமையானவை. ரோலண்ட் இரண்டையும் வாங்கி ஓட்டை போட்டுக் கோப்பில் சேர்த்தார். இன்னும் ஒன்றுதான்.

ஜூலையில் மூன்றாவது ஆட்டம். பதினோராவது குழியில் பந்து வலப்பக்க முட்புதருக்குள் போவதை நார்மன் பார்த்தார். போய்த் தேடினார். கையெல்லாம் கீறல். தொலைந்தது என்று சொன்னால் வில்ஃப் மறுபடியும் ஆரம்ப இடத்துக்குத் திரும்ப நடந்து வேறு பந்து அடிக்க வேண்டும். அதற்கு முன்பே இரண்டு முறை அப்படி நடந்து, வெயிலில் முகம் செங்கல் நிறமாகி, கால் தள்ளாடிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை என்றால் ஆட்டத்தை விட்டுவிடுவார், கார்டு போயிற்று. நார்மன் வாகன ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். நடைபாதை விளிம்பில் சக்கரம் லேசாக உரசியதற்கு அழுகிற பெண்களைக்கூடத் தோல்வி என்று எழுதி அனுப்பியவர். அவர் கை அவருடைய சட்டைப்பைக்குள் போனது. தன் பந்தொன்றை எடுத்துப் புல்லில் மெதுவாக நழுவவிட்டார்.

"இங்க கெடக்குய்யா. தப்பிச்சிருச்சு."

"அதிர்ஷ்டம்தான்," என்றார் வில்ஃப். அடித்தார். அடித்தபின் மட்டையைத் தோளில் வைத்தபடி ஒரு கணம் தலையைச் சாய்த்து நின்றார். நூற்றிருபத்தாறில் ஆட்டம் முடிந்தது. நார்மன் கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் இப்படி ஒரு நிம்மதியோடு அவர் எதிலும் கையெழுத்திட்டதில்லை.

கிளப் கூடத்தில் ரோலண்ட் ஓட்டை போடும் கருவியை எடுத்தபோது வில்ஃப், "கொஞ்சம் இரு," என்றார். "அந்தக் கார்டை அடிச்சிரு."

"என்ன?"

"பதினொண்ணுல நான் அடிச்சது என் பந்து இல்ல. என் பந்து மலிவு, கல்லு மாதிரி சத்தம் வரும். இது மெத்துன்னு வந்துச்சு. அடிக்கும்போதே தெரியும். வேற பந்து அடிச்சா ஆட்டம் செல்லாது." நார்மனின் காதைப் பார்த்து, அதாவது முகத்தைப் பார்த்து, மென்மையாகச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதய்யா. பொய்க் கார்டோட அங்க போயி நிக்க எனக்கு ஆகாது."

ரோலண்ட் அடிக்கோலும் சிவப்புப் பேனாவும் எடுத்து, கார்டின் குறுக்கே நேர்க்கோடு போட்டார். பிறகு எழுந்து நின்று வில்ஃபின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "இதுதான் கோல்ஃப்," என்றார். நார்மனுக்கு அந்த அடிக்கோலைப் பிடுங்கி இரண்டாக உடைக்க வேண்டும் போலிருந்தது. உடைக்கவில்லை. அது கிளப் சொத்து.

ஆகஸ்டில் மறுபடி முயன்றார்கள். வில்ஃபுக்கு இப்போது நிற்க வைத்த பந்தே தெரியவில்லை. மூன்று முறை காற்றை அடித்தார், நாலாவது தடவை புல்லை. இரண்டாவது குழியோடு திரும்பினார்கள். திரும்புகிற வழியில் நார்மன் காரை ஓரமாக நிறுத்தினார்.

"நாளைக்குக் காலைல கிளம்பிருவோம். ரோலண்ட் வேணாம், சான்றிதழ் வேணாம். ஓதம் எனக்குப் பாக்கத் தெரியும். பாறையில கொண்டுபோயி நிறுத்தறேன். நீ அடி."

வில்ஃப் கார் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். "வாசல்லயே மறிச்சு, எங்கய்யா சான்றிதழ்னு கேட்டா? குருடனுக்கு எதுக்கு மட்டைன்னு யாராவது சிரிச்சா? வேற எந்த இடம்னாலும் பரவால்ல. அங்க வேணாம்."

அப்போது நார்மனுக்குள் ஏதோ தளர்ந்து இறங்கியது. அது வருத்தம் என்று முதலில் நினைத்தார். இரண்டு மைல் போனபின்தான், சிக்னல் விளக்கு ஒன்றின் முன் நின்றிருக்கும்போது, அது நிம்மதி என்று தெரிந்தது. அழைப்பில்லாமல் ஓர் இடத்துக்குப் போய் நிற்கிற தைரியம் அவருக்கும் இருந்ததில்லை. ஐந்து மாதமாக ரோலண்டைக் கேலி செய்துகொண்டே அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறார். விளக்கு பச்சையானது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.

செப்டம்பரில் மூன்றாவது கடிதம் போனது. அதில் ரோலண்ட் தன் கடற்படைப் பணியையும் குறிப்பிட்டிருந்தார்.

நவம்பர் இரண்டாம் செவ்வாயன்று பதில் வந்தது. கடிதமில்லை, தபாலட்டை. ரோலண்ட் உப்புக் குப்பியை நகர்த்தினார், கண்ணாடியை மாட்டினார், கூட்டத்தைத் தொடங்கிவைத்தார், தளபதிக் குரலில் வாசித்தார்.

"ஐயா, உங்க மூணு கடுதாசியும் காசுப் பெட்டிக்குள்ள கெடந்துச்சு. போஸ்ட்மேன் போட்டிருக்கான். வருஷத்துக்கு ஒருக்கா, அக்டோபர் கடைசியிலதான் பெட்டியத் தெறப்பேன். இங்க செக்ரட்டரி எல்லாம் யாருமில்ல. நான் ஆடு வளக்குறேன், புல்லு அது பாத்துக்கும்." தளபதியின் குரல் இங்கே கொஞ்சம் இறங்கியது. "சான்றிதழ்னு கேட்டிருக்கீங்க, அது என்னன்னு எனக்குத் தெரியாது. கேட் தெறந்துதான் கெடக்கும். காசப் போட்டுட்டு ஆட வேண்டியதுதான். அஞ்சாவது குழி இருக்கு. தண்ணி பாத்து வாங்க. இப்படிக்கு, இசபெல் டாட்."

கணப்பில் ஒரு கட்டை சரிந்தது. கடைசி வரியைப் படித்த பிறகும் ரோலண்ட் அட்டையைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார், மேலும் ஏதாவது எழுதியிருக்கும் என்பதுபோல. வாளி விற்கும்போது எந்த வாடிக்கையாளர் முன்னாலும் இப்படி இருந்திருக்க மாட்டார்.

"அப்ப கேட் தெறந்தேதான் கெடந்திருக்கு," என்றார் வில்ஃப்.

நார்மன் மேஜைத்துணியில் காய்ந்திருந்த பழைய வெண்ணெய்க் கறையை நகத்தால் சுரண்டினார். யாராவது திட்டினால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. வில்ஃப் திட்டுகிற ஆள் இல்லை.

ரோலண்ட் ஓத அட்டவணையை எடுத்தார். பக்கங்கள் அவர் விரலில் அகப்படாமல் வழுக்கின. "ஏப்ரல்," என்றார். "அடுத்த ஏப்ரல் பன்னெண்டு. காலைல பத்து நாற்பதுக்குத் தண்ணி இறங்கும். சனிக்கிழமை வேற. குறிச்சுக்கவா?"

"குறிச்சுக்கோ," என்றார் வில்ஃப். "என் பேரை முதல்ல போடு."

பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது. கார் நிறுத்துமிடத்திலிருந்து நார்மனின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவர் வில்ஃப். அன்றைக்குச் சூப்புக் கிண்ணம் எங்கே என்று நார்மன்தான் அவர் கையை எடுத்து வைத்துக் காட்டினார். மூன்று பேருக்கும் ஏப்ரல் எவ்வளவு தூரம் என்று தெரியும்.

"அட்டையில படம் இருக்கா?"

"இருக்கு," என்றார் நார்மன். "அந்தப் பாறைதான். கொடி இருக்கு."

வில்ஃப் கையை நீட்டினார். அட்டையை வாங்கி சன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, தலையை அதிலிருந்து திருப்பிக்கொண்டார். குடைகள் சொருகியிருந்த மூலையைப் பார்த்தார். பிறகு கூரையை. பிறகு நார்மனுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல அங்கே. எங்கே பார்த்தால் அது தெரியும் என்று கண் ஒவ்வோர் இடமாகப் போய்த் திரும்பியது.

"எந்தப் பக்கம்?"

நார்மன் அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கொடியின் மேல் வைத்தார். விரல் அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தானாகவே, வழவழப்பான அட்டையில், அந்த இரண்டு முழத்தைச் சறுக்கிக் கடலுக்கு வந்தது.