நகப்பூச்சுக் கோடு

என் மகளுக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். நாலு வயது. தொண்டையில் துளை போட்டு மூச்சுக்கு ஒரு குழாய் வைத்த பிறகு குரல் வரவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியைத் தட்டித் தட்டியே எல்லோரையும் வேலை வாங்குவாள்.

குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுப்பது என் வேலை. அதற்கான மெல்லிய குழலை எவ்வளவு ஆழம் விடலாம் என்ற அளவுக்கு, பழைய குழல் ஒன்றில் நகப்பூச்சால் கோடு போட்டுக் கட்டிலில் தொங்கவிட்டிருந்தேன். ஒவ்வொரு புதுக் குழலையும் அதன் பக்கத்தில் பிடித்து, கோட்டளவில் விரலால் இறுக்கிக்கொண்டுதான் உள்ளே விடுவேன்.

மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்த காலையில், குழாய் வழியாகப் பளிச்சென்று சிவப்பாக ரத்தம் வந்தது. இரண்டு ஸ்பூன் இருக்கும். பிறகு நின்றுவிட்டது.

வார்டு டாக்டர் எட்டிப் பார்த்தார். "அம்மா ஆழமா விட்டிருப்பாங்க, கீறியிருக்கும்" என்று நர்ஸிடம் சொல்லி, அதையே கேஸ் ஷீட்டிலும் எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அளவு இதோ தொங்குது டாக்டர். இதைத் தாண்டி ஒருநாளும் விட்டதில்ல. அது கிடக்கட்டும், அவ கழுத்தைப் பாருங்க. குழாய் தானா துடிக்குது."

"பயப்படாதீங்கம்மா. எல்லா அம்மாவும் இப்படித்தான்."

"எல்லா அம்மாவையும் விடுங்க. நாடியைப் பிடிச்சுக்கிட்டு குழாயைப் பாருங்க. பார்க்காம இங்கேருந்து போக விடமாட்டேன்."

வாசலை மறித்து நின்றேன். மரியாதை தெரியாதவள் என்று நர்ஸ் முணுமுணுத்தாள். சொல்லிக்கொள்ளட்டும். டாக்டர் வேண்டாவெறுப்பாகக் குனிந்து வாயாடியின் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி அடிக்கும்போதெல்லாம் குழாயும் எம்பியது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

அரை மணி நேரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்குழாய் டாக்டரம்மா படத்தைக் காட்டிச் சொன்னார்: "குழாயோட நுனி உரசி உரசி, முன்னாடி போற பெரிய ரத்தக்குழாயை அரிச்சிருக்கு. இன்னைக்கு வந்தது எச்சரிக்கைதான். அடுத்த தடவை வந்தா நிக்காது. நெஞ்சைத் திறக்க வேண்டாம். தொடையில சின்னத் துளை போட்டு, கம்பி வழியா உறை போட்ட ஸ்டென்ட்டைக் கொண்டுபோய், அரிச்ச இடத்தை உள்ளேயே அடைச்சிடலாம்."

"வீட்டுக்கு அனுப்பியிருந்தா?"

அவர் சம்மதப் படிவத்தை என் முன்னால் வைத்தார்.

ஆபரேஷன் அறை வாசலில் இரண்டு மணி நேரம் உட்காராமல் நின்றேன். வாயாடி வெளியே வந்தபோது தொடையில் ஒரு சின்ன பிளாஸ்திரி மட்டும் இருந்தது. அப்போதுதான் அழுதேன்.

அதற்குப் பிறகு ரத்தம் வரவில்லை. சில வாரம் கழித்து வார்டு டாக்டர் டிஸ்சார்ஜ் தாளை நீட்டினார். நான் பேனாவைத் தொடவில்லை. கேஸ் ஷீட்டைப் புரட்டி, அம்மா ஆழமாக விட்டதாக எழுதிய அந்த வரியில் விரல் வைத்தேன்.

"முதல்ல இதை அடிங்க. பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. அப்புறம் நான் போடுறேன்."

அவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தரையைப் பார்த்தாள். வாயாடி கட்டில் கம்பியைத் தட்ட ஆரம்பித்தாள். அவர் அந்த வரியை அடிக்கும்வரை நிறுத்தவில்லை.