கை நீட்டாத படம்

மேனாம்பேட்டில் தன் ஃபிளாட் இருக்கும் தெருவில், இஸ்திரி வண்டிக்கு எதிரே, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, நிர்மல் ஒரு பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். மூன்று வருஷமாகத் தெருவில் படம் எடுக்கிறவன், எடுத்த ஒருவரிடமும் இதுவரை படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. அவனுக்கென்று சில சட்டங்கள் இருந்தன. கேட்டு எடுக்கக் கூடாது. பேச்சுக் கொடுக்கக் கூடாது. பேர் விசாரிக்கவே கூடாது. ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் எடுக்கிறவன் கண் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிடுமாம். பட்டாபிராம் ரயிலில் தொங்குகிறவர்கள், மாங்காடு கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் விற்கிறவர்கள் என்று ஆறாயிரம் முகங்கள் அவன் லேப்டாப்பில் இருந்தன. அதில் ஒன்றுகூட அவனைப் பார்த்துச் சிரித்ததில்லை. இதைக் கலை என்று சொல்லிக்கொண்டிருந்தான். பயம் என்று சொல்லியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

சட்டத்தை உடைத்தது அம்மா. அவன் அனுப்பிய செல்ஃபியைப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை தென்காசியிலிருந்து பேசினாள்.

"ஏய்யா, எப்பவும் நீயே கைய நீட்டித்தான் எடுக்கே. எடுத்துக் குடுக்க அங்க ஒரு ஆளு கூடவா இல்ல?"

ஆபீஸில் சிநேகிதர்கள், பக்கத்து ஃபிளாட்டில் சிநேகிதர்கள் என்று அளந்துவிட்டான். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை யாரையாவது ஒரு படம் எடுக்கச் சொல்லி அனுப்பு என்று அவள் போனை வைத்துவிட்டாள். யாரிடம் கேட்பது என்று இரண்டு நாள் யோசித்தான். இஸ்திரி போடுகிற அம்மாவைத் தவிர ஒரு முகமும் வரவில்லை. வெறுங்கையோடு போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவளை எடுத்ததிலேயே நல்ல படத்தை, ஆயிரம் பேர் லைக் போட்டதை, பிரிண்ட் போட்டு எடுத்து வந்திருந்தான்.

அவள் கரி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். புகை, வளையல், கை. திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"இன்னா நைனா, கையி மட்டும் கீது. மூஞ்சிய எங்க உட்ட?"

அவனுக்குக் காது சூடாகிவிட்டது. கோணம், வெளிச்சம் என்று ஏதோ முணுமுணுத்தான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முந்தானையைச் சரிசெய்து, நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்து, நேராக நின்று அவன் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தாள். ஒரு ஆள் தன்னை முழுசாகப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது. கேமராவைத் தூக்கி எடுத்தான். இரண்டாம் தடவைதான் படம் ஒழுங்காக வந்தது.

பிறகு தான் வந்த விஷயத்தைச் சொன்னான். அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு அவன் செல்லை வாங்கினாள். வெயில் முதுகில் விழ நின்றுகொண்டாள்.

"சிரி, மூணு சி. அம்மாக்குதான போவுது?"

ஃபிளாட் நம்பர்தான் அவளிடம் எல்லோருக்கும் பேர். துணி மூட்டையில் சீட்டு எழுதிச் செருகுவதும் அதைத்தான். அவன் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் கோணலாக இருந்தது. தலைக்கு மேலே பாதி வானம், ஓரத்தில் அவள் கட்டைவிரல். அவன் எடுத்திருந்தால் அந்த இடத்திலேயே அழித்திருப்பான். அப்படியே அனுப்பினான். அம்மா உடனே கூப்பிட்டாள். இளைத்துவிட்டாய் என்றாள், சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கிறதே என்றாள், எத்தனை நாளாயிற்று நீ சிரித்து என்றாள். அப்புறம் கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள்.

"தரையில ஒரு நெழலு கெடக்கே, அது யாருய்யா? பேரென்ன?"

சொல்ல வாயெடுத்தான். மூன்று வருஷத்தில் அவளை எடுத்தது நாற்பது படம். பேர் மட்டும் கேட்டதே இல்லை. அம்மா லைனில் காத்திருந்தாள். செல்லில் அந்தப் படத்தைத் திறந்தான். இரண்டு முழங்கையையும் தூக்கிப் பிடித்த ஒரு நெட்டை நிழல், தெருவில் நீண்டு வந்து, அவன் செருப்பு நுனியைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.