செம்பியின் மூன்று நாள் பட்டினி

செம்பி, சுருளியம்மாள் கையைத் தவிர வேறு எவர் கையிலும் தின்னாது. அப்படிப் பழக்கியவளே அவள்தான். அதற்கு முன்பு வளர்த்த நாய், கடைவீதியில் தெருநாய்களுக்குப் போட்ட விஷக் கறியைத் தின்று அவள் மடியிலேயே செத்தது. அதனால் சோறானாலும் தண்ணீரானாலும் அவள் வைத்து, அதன் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிய பிறகுதான் வாய் வைக்க வேண்டும் என்று செம்பியைக் குட்டியிலேயே பழக்கிவிட்டாள். மற்றவர்கள் கறித்துண்டையே நீட்டினாலும் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

போடிக்கு ரயில் வராத காலம் அது. கல்யாணமான இரண்டாம் வருஷம் அம்மை கண்டு சுருளியம்மாளுக்கு இரண்டு கண்ணும் போயிற்று. புருஷன் ஜக்கையன் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. இன்னொரு கல்யாணம் பேச வந்தவர்களைத் திட்டி விரட்டினான். ஆனால் அவனுக்கு வேலை குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில். ஞாயிற்றுக்கிழமைதான் இறங்கி வருவான். மற்ற ஆறு நாளும் அவளுக்குச் செம்பிதான். அதன் கழுத்துக் கயிற்றில் ஒரு முழ மூங்கில் குச்சி கட்டியிருக்கும். அந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டு ஏலக்காய்க் கடைக்குப் போய், மற்றப் பெண்களோடு உட்கார்ந்து காம்பு கிள்ளுவாள். அந்த வேலைக்கு விரல் போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆற்றங்கரையில் நரி ஒன்று செம்பியின் கன்னத்தைக் கிழித்துவிட்டது. புருஷனும் பெண்சாதியுமாக மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். மதராஸில் படித்துவிட்டுப் புதிதாக வந்திருந்த டாக்டர் சுந்தரராஜ், "அந்தம்மாவை மரத்தடியில உட்காரச் சொல்லுப்பா, நீ மட்டும் வா" என்றார். அவள் கையிலிருந்து குச்சி உருவப்பட்டது. யார் உருவியது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஜக்கையன் நாயில்லாமல் திரும்பி வந்தான்.

"நரிக்கடியாம். வெறி வருதான்னு பத்து நாள் கட்டி வச்சுப் பாக்கணுமாம்."

"சோறு நாந்தான் வைக்கணும்னு சொன்னீகளா?"

"எல்லாஞ் சொல்லியாச்சு. பக்கத்து வீட்டுப் பேச்சிகிட்டச் சொல்லிட்டு மலையேறுறேன். தெனமும் அவ உன்னையக் கூட்டிட்டுப் போவா."

திங்கட்கிழமை பேச்சி, "இன்னைக்குச் சோலி கெடக்குடி" என்றாள். செவ்வாய்க்கிழமை சுருளியம்மாள் சோற்றுச் சட்டியோடு அவள் வாசலில் போய் நின்றாள்.

"ஒரு நாள் பட்டினி கெடந்தா உன் மகராணிக்கு மேனி இளைச்சுப் போகுமாக்கும்? ஜக்கையனுக்குக்கூட நீ இப்படிச் சட்டி தூக்குனதில்லையேடி!"

"ரெண்டு நாளாச்சு மதினி. தண்ணிகூடக் குடிச்சிருக்காது."

"பசிச்சா எந்த நாயும் திங்கும். நாளைக்குப் பாப்போம், போ."

புதன்கிழமை அவள் யாரையும் கேட்கவில்லை. செம்பியிடம் போவதற்கும் செம்பிதான் வேண்டியிருந்தது. ஒரு கையில் சட்டியும் ஒரு கையில் சுவருமாக நடந்தாள். ஒரு கால் சாக்கடையில் இறங்கியது. கடைவீதி முனையில் சுவர் தீர்ந்துபோயிற்று. எதிரே வண்டிகளின் சத்தம்.

"அய்யா, மாட்டாஸ்பத்திரிக்கு எப்பிடிப் போகணும்?"

"கண்ணு தெரியாத உனக்கு மாட்டாஸ்பத்திரி எதுக்குத்தா? மனுசருக்குத் தனியா இருக்கு, வா" என்று ஒருவர் அவள் கையைப் பிடித்து நடக்கத் தொடங்கினார். நல்ல மனிதர். அவள் மறுத்ததையெல்லாம் பயம் என்று நினைத்தார். ஊரின் மறுகோடியில், தர்ம ஆஸ்பத்திரிப் பெஞ்சில் அவளை உட்கார வைத்துவிட்டுத்தான் போனார். அங்கிருந்து நாலு பேரைக் கேட்டு அவள் மாட்டாஸ்பத்திரி வந்து சேர உச்சி வெயிலாகிவிட்டது.

"செவப்பு நாய்க்குச் சோறு கொண்டாந்திருக்கேன் அய்யா. கன்னத்துல காயம் பட்டது."

டாக்டரின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"உன் புருஷன் வரலையா?"

"அது என் நாய்தான் அய்யா. எங்கிட்டச் சொல்லுங்க."

"மூணு நாளா சோறே தொடலை. தண்ணியைக் கிட்டக் கொண்டு போனாலே முகத்தைத் திருப்பிக்கிட்டு உறுமுச்சு. வெறிக்கு அதுதான் அடையாளம். சுடச் சொல்லிட்டேன் அம்மா. ஒரு மணி நேரம் ஆச்சு."

அவள் சட்டியை மெதுவாகத் தரையில் இறக்கினாள்.

"சோறு வச்சது யாரு?"

"ஆஸ்பத்திரி ஆள்."

"அவுக நெத்தியில தட்டுனாகளா?"

அவருக்குப் புரியவில்லை. அவள் விளக்கிச் சொன்னாள்.

"உன் புருஷனைக் கேட்டேனே! எது போட்டாலும் திங்கும்னு சொன்னாரே!"

ஞாயிற்றுக்கிழமை ஜக்கையன் இறங்கி வந்ததும் அவள் அதைத்தான் கேட்டாள். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பொண்டாட்டி நாய்க்குப் போட்டுட்டுத்தான் தான் திங்கிறாள்னு ஊரே சிரிக்குது சுருளி. படிச்ச மனுசன் முன்னால சொல்லக் கூச்சமா இருந்துச்சு. நீதான் தெனம் போயிருவியே, எல்லாம் சரியாயிரும்னு நெனச்சேன்."

அவன் அழுவது கேட்டது. அவளுக்குத் திட்ட மனம் வரவில்லை. அவன் தலையைத் தொடவும் கை எழவில்லை.

அன்று சாயங்காலம் டாக்டர் வீடு தேடி வந்தார்.

"ஜக்கையா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு அவர் குரல் அவள் பக்கம் வந்தது. "அம்மா, நான் மாட்டு டாக்டர் சுந்தரராஜ். எங்களுக்கு நாயோட உடம்பைப் பத்திப் பாடம் சொன்னாங்க. அதைப் பிடிச்சு நடக்கிறவங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. நீங்க சொல்லுங்க. என்கூடப் படிச்சவங்க எல்லாருக்கும் எழுதிப் போடறேன்."

செத்த பிறகு எதற்கு என்று நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் வேறு ஏதோ ஊரில், வேறு யாரோ ஒருத்தி மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது.

"குச்சியைக் கேக்காம உருவாதீக. கூட வந்தவுககிட்டக் கேக்காம எங்களைக் கேளுங்க. என்ன செய்யப் போறீகன்னு எங்க காதுபடச் சொல்லிட்டுச் செய்யுங்க. கட்டித்தான் வைக்கணும்னா நாங்க தெனம் வந்து போறதுக்கு ஒரு ஆளு விடுங்க. நாயை வாங்கி வச்சுக்கிட்டு எங்களைப் போன்னா, எப்பிடிப் போறது?"

காகிதத்தில் பென்சில் ஓடும் சத்தம் கேட்டது.

"வேற ஏதாவது இருக்கா அம்மா?"

"கடைசியா அதைத் தொட்டது யாரு?"

"நான்தான். கட்டை அவுத்து வெளிய கொண்டு வந்தேன்."

"கடிக்க வந்துச்சா?"

பென்சில் நின்றது.

"இல்லம்மா. கையை நக்குச்சு."



மறுநாள் விடியலில் ஜக்கையன் மலைக்குப் புறப்பட்டான். "வா சுருளி, போற வழியில உன்னையக் கடையில விட்டுட்டுப் போறேன்" என்றான்.

"சாயங்காலம் யாரு கூட்டியாருவா?"

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் வெகுநேரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். தெருவில் காம்பு கிள்ளப் போகும் பெண்களின் பேச்சுச் சத்தம் நெருங்கி வந்து, வீட்டைத் தாண்டிப் போயிற்று.