மாஸ்டர் பக்கத்து பிரேக்

மாஸ்டருக்கு மருத்துவம் சுட்டுப் போட்டாலும் வராது. தலைவலியோ பல்வலியோ, எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரையைத் தேடுகிற ஆசாமி. ஆனால் மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத்தேர்வுக் கேள்விகளை வாசித்துக் காட்டுவதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஒரு நினைப்பு அவருக்கு உண்டு. அந்த நினைப்பில் மண் விழுந்த கதைதான் இது.

அவருடைய தொழில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. பழக வருகிறவர்கள் "மாஸ்டர், மாஸ்டர்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது. அவர் மனைவியும் அப்படிப் பழக வந்தவள்தான். அப்போதே அவள் டாக்டர். ஊசி போடும்போது நடுங்காத கை ஸ்டியரிங்கைப் பிடித்ததும் நடுங்கும். எதிரில் ஒரு சைக்கிள் வந்தால் போதும், கண்ணை மூடிக்கொள்வாள். அவள் கண்ணைத் திறப்பதற்குள் மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தியிருப்பார். பழகும் வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதுதான். "அவருக்குக் கால்லயும் கண்ணு இருக்கும்மா" என்று வீட்டில் போய்ச் சொன்னாளாம். அவள் அம்மாவுக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

இப்போது டாக்டருக்கு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் வேலை. அவள் ஆசையெல்லாம் குழந்தை மருத்துவம் படிப்பதில். ஆசை என்று சொன்னால் குறைச்சல், பைத்தியம். வீரிட்டுக்கொண்டு வருகிற குழந்தைகூட அவள் கைக்கு வந்தால் பாதி அழுகையை நிறுத்திவிடும். நுழைவுத்தேர்வு இதையெல்லாம் எங்கே கேட்கிறது? ஒரு கேள்வி, கீழே நாலு விடை, ஒன்றைத் தொடு, அவ்வளவுதான். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டிருந்தாள்.

"இதுதான் கடைசி. இந்தத் தடவையும் போச்சுன்னா புத்தகத்தையெல்லாம் கட்டிப் பரண்ல போட்டுடுவேன்" என்றாள். "நான் ஒருத்தி எழுதுற பரீட்சைக்கு வீடே பட்டினி கிடக்குது."

"பட்டினியா? அப்ப நான் சமைச்சுப் போடுறதுக்குப் பேரு என்னடி?" என்றார் அவள் அம்மா. பரீட்சை முடியும்வரை மகளுக்கு ஒத்தாசையாக இருக்க வந்தவர்.

மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. பரணில் போட்டால் அவள் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டாள், அதைப் பற்றிப் பேசவும் மாட்டாள். குழந்தைகள் வார்டைக் கடக்கும்போது மட்டும் நடையைக் கொஞ்சம் எட்டிப் போடுவாள். அவளை அவருக்குத் தெரியாதா?

வேலை முடிந்து வந்தால் அவளுக்கு எழுத்தில் கண் நிற்காது, காதால் கேட்டால் பதியும். அதனால் மாலையில் அவள் துணி மடிப்பாள், மாஸ்டரின் மாமியார் காய் நறுக்குவார், மாஸ்டர் கேள்விப் புத்தகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பார். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே விடை கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும். வாசிக்கும் முன் அதை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். முன்னால் ரோட்டைப் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது என்பது தொழில் பழக்கம். டாக்டரும் ஒன்றுவிடாமல் சரியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். "பிச்சு உதறுறியே" என்று மாஸ்டர் பூரித்துப்போவார்.

அப்படிப்பட்டவள் மாதிரித் தேர்வுக்குப் போய்விட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"பாதிகூடத் தேறலைங்க. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா நாலு விடையும் ஒண்ணு போலவே தெரியுது. வீட்டுல தெரியுறது அங்க ஏன் தெரிய மாட்டேங்குது?"

"பதட்டம்தான், வேற ஒண்ணுமில்லை" என்று மாஸ்டர் தேற்றினார். அடுத்த மாதிரித் தேர்விலும் அதே கதை. அவள் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். அவர் கதவருகில் நின்று நின்று பார்த்துவிட்டு வந்தார்.

ஒரு விடுமுறை நாள். மாஸ்டர் வாசித்துக்கொண்டிருந்தார். "பிறந்து மூணு வாரமான குழந்தை. ஒவ்வொரு தடவை பால் குடிச்சதும் பீய்ச்சி அடிக்கிற மாதிரி வாந்தி. வாந்தியில பித்தம் இல்லை." நாலு நோய்களின் பெயரையும் சொல்லி முடிப்பதற்கும் மருத்துவமனையிலிருந்து போன் வருவதற்கும் சரியாக இருந்தது. டாக்டர் போனோடு பால்கனிக்குப் போனாள்.

"மூணாவது" என்றார் மாமியார், கேரட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாஸ்டர் புத்தகத்தைப் பார்த்தார். மூன்றாவதுதான். "குருட்டாம்போக்குல சொன்னீங்களா அத்தை?"

"அடுத்ததைப் படிங்க மாப்பிள்ளை."

அடுத்ததற்கு "ஒண்ணாவது" என்றார். அதற்கடுத்ததற்கு "கடைசி". எல்லாம் சரி. மாஸ்டருக்குத் தலை சுற்றியது.

"எப்படி அத்தை?"

"இதுல என்ன இருக்கு? மத்ததையெல்லாம் கடகடன்னு படிக்கிறீங்க. சரியான விடை வந்தா வேகத்தடைக்கு முன்னாடி மாதிரி மெதுவாகுறீங்க. முகத்துல வேற ஒரு சந்தோஷம். தெனமும்தான் பார்க்குறேனே."

"இதை ஏன் அத்தை முன்னாடியே சொல்லலை?"

"நீங்க வேணும்னே எடுத்துக் கொடுக்குறீங்கன்னு நினைச்சேன். புருஷன் பொண்டாட்டிக்குள்ள நான் ஏன் வாயைக் கொடுக்கணும்?"

மாஸ்டர் புத்தகத்தை மூடி வைத்தார். அவருக்குப் பழைய ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர் பக்கத்தில் இருக்கும்வரை அருமையாக ஓட்டி, லைசென்ஸ் பரீட்சையில் மட்டும் போய் இடித்துக்கொண்டு வந்தவர்கள். தாங்கள் நிறுத்தியதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள், நிறுத்தியதெல்லாம் அவர் கால். அதைக் கண்டுபிடித்த பிறகுதான், பரீட்சைக்குப் போகிறவர்களின் கடைசி வகுப்புகளில் இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார ஆரம்பித்தார், கால் பிரேக் பக்கமே போகாதபடி. ஊருக்கெல்லாம் காலை மடக்கியவர், வீட்டில் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

டாக்டர் திரும்பி வந்ததும் சொல்லிவிட்டார். மறைக்க அவருக்குத் தெரியாது.

அவள் கையிலிருந்த துண்டை அப்படியே போட்டாள். "அப்ப இத்தனை நாளா நான் படிச்சது உங்க மூஞ்சியையா?"

"நீ தப்பா சொன்னா என்னால தாங்க முடியலை. நானா செய்யலை, அதுவா வந்துடுது."

"உங்க பாசத்தை வச்சு நான் என்ன பண்ண? பரீட்சை ஹால்ல நீங்களா வந்து படிப்பீங்க?" கதவைச் சாத்திக்கொண்டாள். கோபம் நியாயமானது என்பதால் அவர் கதவைத் தட்டவில்லை.

சாப்பிடும் நேரத்தில் அவளே வெளியே வந்து புத்தகத்தை அவர் மடியில் வைத்தாள். "ஒழுங்கா வாசிங்க."

மாஸ்டர் ஒரு தடித்த அட்டையால் விடையை மறைத்துக்கொண்டார். நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாமியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அன்று டாக்டர் சொன்னதில் பாதி தப்பு. மறுநாளும் அப்படித்தான். வீட்டிலாவது கெட்டிக்காரியாக இருந்தவளுக்கு அதுவும் போய்விட்டது. தப்பான ஒவ்வொன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு படித்தாள், மறுபடி கேட்கச் சொன்னாள், மறுபடி தப்பாகச் சொன்னாள். சில சமயம் பதில் தெரியாமல் பழைய பழக்கத்தில் அவர் முகத்தைப் பார்ப்பாள். மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு, விலைப்பட்டியல் வாசிப்பதுபோல் நாலையும் மறுபடி வாசிப்பார். அந்தக் குரலில் வாசிப்பது அவருக்குக் கசந்தது. அவளுக்காகத்தான் வாசித்தார்.

வாரங்கள் போகப் போகத் தப்பு குறைந்தது. முழுவதும் போகவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஹால் டிக்கெட்டை எங்கே வைத்தோம் என்றுகூடத் தெரியாமல் வீட்டைச் சுற்றி வந்தாள். கடைசியில் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு மட்டும் பழைய மாதிரி வாசிங்களேன். எல்லாம் சரியா சொல்ற மாதிரி இருக்கணும் எனக்கு."

மாஸ்டர் தயங்கினார். "வாசிங்க மாப்பிள்ளை, இனிமே என்ன கெட்டுடப் போகுது" என்றார் மாமியார். அவர் அட்டையை எடுத்துக் கீழே வைத்தார். காலைத் தொங்கப் போட்டுக்கொண்டார். விடையை நன்றாகப் பார்த்துக்கொண்டார். எந்த இடத்தில் மெதுவாக வேண்டும் என்றுகூட முடிவு செய்துவிட்டார்.

"குழந்தைக்கு ஒரு வாரமா விடாத காய்ச்சல். ரெண்டு கண்ணும் சிவப்பு, நாக்கும் சிவப்பு, விரல் நுனியில தோல் உரியுது. இதுல முக்கியமா எங்க பாதிப்பு வரும்னு பார்க்கணும்?"

"இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்ல" என்றாள்.

"இரு, நான் இன்னும் விடையே வாசிக்கலையே."

"சரி, அடுத்தது."

அடுத்ததற்கும் அவர் விடைகளைத் தொடங்கும் முன் சொல்லிவிட்டாள். அதற்கடுத்ததற்கும். ஓரிடத்தில் மட்டும் யோசித்தாள். மாஸ்டர் ஆசையாக வாயைத் திறந்தார். "சும்மா இருங்க, வருது" என்று கையைக் காட்டித் தடுத்து, அதையும் சொன்னாள். மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. கூடவே தன்னை இறக்கிவிட்டுவிட்டு வண்டி போவதுபோல் லேசாக ஒரு வலி. அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் தேர்வு மையத்துக்கு அவளே வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள்.

யாருக்கு எந்தப் படிப்பில் இடம் என்று அறிவிக்கிற நாளன்று மாஸ்டர் வகுப்பில் இருந்தார். ஒரு புது ஆள் வியர்க்க விறுவிறுக்க ஓட்டிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. டாக்டர்.

"வண்டியை ஓரமா நிறுத்துங்க சார்" என்று சொல்லிவிட்டு எடுத்தார்.

"ஒரு கேள்வி" என்றாள் அவள். குரல் விலைப்பட்டியல் வாசிப்பதுபோல் இருந்தது. "உங்க பொண்டாட்டிக்கு என்ன கிடைச்சுது? ஒண்ணு, ஒண்ணுமே கிடைக்கலை. ரெண்டு, வேற ஏதோ கிடைச்சுது. மூணு, குழந்தை... மருத்துவம். நாலு, அடுத்த வருஷம் பார்க்கலாம்."

மாஸ்டருக்குக் கண் கலங்கி எதிரே ரோடு தெரியவில்லை.

"உனக்கு வாசிக்கவே தெரியலை" என்றார் கடைசியில். "மூணாவதுல மெதுவாயிட்ட."

அந்தப் பக்கம் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "எங்க, இன்னொரு தடவை வாசி" என்றார் மாஸ்டர்.