கொத்தமல்லிக் கொசுறும் கம்பெனிக் கத்திரிக்காயும்

"போன வாரம் வரைக்கும் கொத்தமல்லி குடுத்த, கறிவேப்பிலை குடுத்த. இன்னிக்கு மட்டும் கை முடங்கிப்போச்சாடி வசந்தா?"

"கத்தாத பூவாயி! கொசுறுன்னா நானா பாத்துக் குடுக்கிறது. நீ அதட்டி வாங்குறதா?"

"அப்ப உன் கம்பெனிக் கத்திரிக்காயை, இந்த ஊதாப் பந்தை, நீயே வச்சிக்க! கருவாட்டுக் குழம்புல போட்டா கருவாடே கரைஞ்சிபோவுது, இது மட்டும் முழிச்சிக்கிட்டுக் கெடக்குது. கொத்தமல்லிக்காகத்தானடி இத்தினி நாளா இதை வாங்கித் தொலைச்சேன்!"

சாரம் மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. கடலோரக் குருசுக்குப்பத்துப் பூவாயியின் தொண்டை அலையோடு போட்டி போட்டு வளர்ந்தது. ஆனால் வசந்தாவைத் திடுக்கிட வைத்தது பூவாயி இல்லை. அவளுக்குப் பின்னால் மைசூர்பாகு டப்பாவோடு நின்ற கமலக்கண்ணன்.

கமலக்கண்ணன் லாஸ்பேட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஆராய்ச்சிக்காரர். ஒரு விதைக் கம்பெனியின் செலவில் புதுக் கத்திரிக்காய் விளைவித்து, சனங்கள் அதை விரும்பி வாங்குகிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. வசந்தாவின் கடையில் நாட்டுக் காய் ஒரு கூடை, கம்பெனிக் காய் ஒரு கூடை, ஒரே விலை. எது முதலில் தீர்கிறது என்று சாயங்காலம் வந்து பார்ப்பார். "நீங்க எதையும் தள்ளிவிட வேணாம்க்கா, அவங்களா எடுக்கட்டும்" என்பது ஒன்றுதான் அவர் போட்ட நிபந்தனை.

அவர் பார்த்தது கூடையை மட்டும்தான் என்றால் தெருவில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். காலேஜ் முடிந்து கடையில் வந்து உட்காரும் வசந்தாவின் மகள் கலையரசியோடு கத்திரிக்காயைப் பற்றி அவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது? அவளும் அவர் வரும் நாளில் பூ வைக்காமல் வந்ததில்லை. "இது தேறினாத்தான் எனக்கு வேலை நிரந்தரம்" என்று அவர் ஒருநாள் சொல்லிவைக்க, வரப்போகிற மாப்பிள்ளையின் வேலை தன் கையில்தான் இருக்கிறது என்று வசந்தா முடிவு கட்டிவிட்டாள். கம்பெனிக் காயை எடுத்தவர்களுக்குக் கைநிறையக் கொத்தமல்லி. நாட்டுக் காயை எடுத்தவர்களுக்கு ஒரு முறைப்பு. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டம்மாவே மயங்கிவிட்டார் என்றால் மற்றவர்களைச் சொல்வானேன்!

"ரெண்டுக்கும் ஒண்ணுபோலக் குடும்மா, அவரை ஏமாத்துற மாதிரி இருக்கு" என்று கலை தலையில் அடித்துக்கொண்டாள்.

"சும்மா இருடி, எல்லாம் உனக்காகத்தான்."

காய் தேறிவிட்டது. முடிவும் கம்பெனிக்குப் போய்விட்டது. அதற்கு மேலும் கொத்தமல்லியை வாரி இறைக்க வசந்தா என்ன பைத்தியமா? நிறுத்தினாள். பூவாயி பிடித்துக்கொண்டாள்.

"அந்தம்மா சொல்றது நெசமாக்கா?" கமலக்கண்ணன் முன்னால் வந்து கேட்டார்.

மழுப்பியிருக்கலாம். ஆனால் செய்த உபகாரத்தைச் சொல்லிக்காட்டாமல் இருக்க வசந்தாவுக்கு வராது. அதில் பாதியை மகள் பேரில் சேர்த்துவிட்டால் சம்பந்தம் கெட்டியாகும் என்றும் தோன்றியது.

"எல்லாம் உங்களுக்காகத்தான் தம்பி. நானும் கலையும் சேர்ந்துதான் செஞ்சோம்" என்றாள், வாயெல்லாம் பல்லாக.

"கலையுமா?"

"அவ யோசனைதான்னு வச்சிக்குங்களேன்!"

அவர் மைசூர்பாகு டப்பாவைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். "வேலையை நிரந்தரமாக்கி ஐதராபாத்துக்கு வரச் சொல்லிட்டாங்கக்கா. தேறாம இருந்திருந்தா இன்னொரு வருஷம் இங்கியே நடத்தச் சொல்லியிருப்பாங்க. கலை படிப்பு முடியறதுக்கும் சரியா இருந்திருக்கும். அப்புறமா உங்ககிட்டப் பேசலாம்னு..." மீதியைச் சொல்லாமலே ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நடந்ததைக் கலைக்குச் சொன்னவள் பூவாயி. கலை அழவில்லை, மைசூர்பாகைத் தொடவும் இல்லை. போன் போட்டுப் பார்த்தாள், அவர் எடுக்கவில்லை. "எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு நீயே போயி சொல்லும்மா" என்றாள். வசந்தாவுக்கு வெட்கம். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளி, கடைசியில் ஒரு பை நாட்டுக் கத்திரிக்காயோடு லாஸ்பேட்டைக்குப் போனபோது அறையில் பூட்டு தொங்கியது. பையைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

கமலக்கண்ணன் கம்பெனிக்காரர்களிடம் உண்மையைச் சொன்னதாகத் தெரியவில்லை. அவர் ரோஷம் கலையோடு நின்றுவிட்டது. பாகூர்ப் பக்கம் அந்த விதையை நம்பிப் போட்டவர்கள் மூட்டை மூட்டையாக மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கொசுறு இல்லாத காயைத் தொட ஆளில்லை, எல்லாம் மாட்டுக்குத்தான் போயிற்று. அந்த மூட்டைகளைப் பார்த்தால் வசந்தா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கமலக்கண்ணனுக்கு ஐதராபாத்திலேயே, கூட வேலை பார்க்கிற பெண்ணோடு கல்யாணமாகிவிட்டதாம். கலை, காரைக்காலில் செல்போன் கடை வைத்திருக்கும் ராஜ்கமலைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்கே போய்விட்டாள். தங்கமான பிள்ளை. மறுவீட்டு விருந்துக்கு வசந்தா பிஞ்சு பிஞ்சாக நாட்டுக் கத்திரிக்காய் பொறுக்கி எடுத்து எண்ணெய்க் குழம்பு வைத்தாள்.

"அவருக்கு ஆகாதும்மா, அரிக்கும்" என்று கலை கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். "எனக்கும் வேணாம்."