வால்பூ மேடு

அப்பாவின் உடலைக் குளிப்பாட்டிய தண்ணீர் வாசலில் வடிந்து முடியுமுன் ஹேமாவதி செருப்புக்கூட இல்லாமல் மலையடித் தோட்டத்தைப் பார்த்து ஓடினாள். குழி வெட்டுகிற இடத்துக்குப் பெண்கள் போவது அவர்கள் சனத்தில் வழக்கமில்லை. ஆனால் தம்பி சுரேஷ்கண்ணன், அப்பாவுக்கு வால்பூ மேட்டிலேயே குழி எடுக்கச் சொல்லிவிட்டான் என்று காதில் விழுந்த பிறகு அவளுக்கு உட்கார முடியவில்லை.

அவன் நல்லதாகத்தான் நினைத்தான். அப்பா அம்மாவாசி ஆசையாகக் காத்த இடம். அங்கேயே படுக்கட்டும் என்று.

வால்பூ என்பது மழைக்காலத்தில் மர நிழலில் முளைக்கும் பச்சைத் தண்டு. அது நிறைய வெள்ளைப்பூ, ஒவ்வொரு பூவுக்கும் பின்னால் நூலாட்டம் நீண்ட வால். படித்தவர்கள் ஆர்க்கிட் என்பார்கள். ஒரு கோடையில் மேடு தீப்பிடித்துக் கரிந்தது. பிறகு வந்த இரண்டு மழைக்கும் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. "கீழ உறங்குதுய்யா" என்று ஓர் ஆட்டையும் ஏறவிடமாட்டார் அம்மாவாசி. "வெந்த புல்லுக்கு வாட்ச்மேன்" என்று ஊரே சிரித்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பா அழகர் நாலு வெட்டு வெட்டியிருந்தார்.

"ஏத்தா, பொம்பளப்பிள்ள இங்கன வரலாமா?"

"வெட்டாதீக சித்தப்பா. அப்பாவோட பூ உள்ள கெடக்கு."

"அக்கா, அதான் எரிஞ்சு போச்சுல்ல!" என்றான் சுரேஷ்.

"அப்பன் பாத்த வேலைய மக வாங்கிக்கிட்டா" என்றார் அழகர்.

ஹேமாவதி மண்டியிட்டு, வெட்டிப் போட்ட மண்ணை விரலால் கிளறினாள். கரி வந்தது. வேர் வந்தது. பிறகு நெல்லிக்காய் அளவில் ஒரு கிழங்கு. அதன் உச்சியில் பால்பல் மாதிரி வெள்ளை முளை. பக்கத்திலேயே இன்னொன்று. அந்தப்பக்கம் மூன்று.

அழகர் மண்வெட்டியைக் கீழே போட்டார். "அடேயப்பா! எங்கண்ணன் ஜெயிச்சுட்டாகடா!"

சுரேஷ் கிழங்கையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு மேட்டைவிட்டு இறங்கினான்.

"ஏலே, அங்கன பூராம் பாறைடா!"

"ஒடைப்போம் சித்தப்பா."

முளை மேல்பார்க்க ஒவ்வொரு கிழங்கையும் பதித்து மண் மூடிவிட்டு அவள் வீடு திரும்பியபோது, பெண்கள் வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கையெல்லாம் மண்ணு. கழுவிட்டு வா ஆத்தா" என்றாள் அம்மா ராக்கம்மாள்.

"இருக்கட்டும்மா."

அப்படியே அரிசியை அள்ளி அப்பாவின் உதட்டில் போட்டாள். வெள்ளை அரிசியோடு கறுப்பாய்க் கொஞ்சம் மண்ணும் ஒட்டியது. யாரும் துடைக்கவில்லை.