இரண்டு விரற்கடை

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் அந்த வரிசையில் பதினாறு வீடுகள். வீரம்மா தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது அவளிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது பதினாறு வீட்டுக்கும் தெரியும். கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அவள் புருஷன் அர்ச்சுனன் சுண்ணாம்பு மலைச் சரிவில் கல் லாரியை ஏற்றி இறக்கி ஓட்டுகிற ஆள், எதற்கும் அஞ்சாதவன். அவனே மிஷின் சத்தம் கேட்டால் காப்பியைத் தானே கலக்கிக் குடித்துவிட்டு நழுவிவிடுவான்.

அவள் ஒன்றும் பிறவித் தையல்காரி இல்லை. எண்பத்தொன்றாம் வருஷம் தைப்பூசம் கழிந்த பிறகுதான் அந்தப் பழைய மிதி மிஷின் வீட்டுக்கு வந்தது. அதற்கு முன் தலையணை உறையும் பாவாடையும் கையால் தைத்ததோடு சரி. ஈப்போவில் ஒரு பனியன் ஆலை, வெட்டி மிஞ்சிய துணியை எடைக் கணக்கில் நிறுத்து விற்றது. விதவிதமான கலர், தொட்டால் மெத்து மெத்தென்று இருக்கும். இதில் சட்டையும் கவுனும் தைக்கத் தெரிந்தால் போதும், கடைக்கே போக வேண்டாம் என்று கணக்குப் போட்டாள்.

பனியன் துணி அவளைப் படுத்தாத பாடு படுத்தியது. இழுத்தால் நீளும், விட்டால் சுருளும். சாதா ஊசியில் தைத்தாள், தையல் நெடுக ஓட்டை விழுந்தது. இழுத்துப் பிடித்துத் தைத்தாள், கீழ் விளிம்பு அப்பளம் பொரிந்த மாதிரி நெளிந்தது. தலையை நுழைத்தால் கழுத்துத் தையல் பட்டென்று அறுந்தது. கடைசியில் நூல் கடைச் சீனர்தான் முனை மழுங்கிய ஊசி ஒன்றைக் கொடுத்து, துணியை இழுக்காதே, அது போகிற போக்கில் விடு என்று மலாயில் சொல்லி அனுப்பினார். அப்புறம் ஒருவாறு கை படிந்தது. ஆனால் மனசுக்குள் ஒரு பயம் மட்டும் ஒட்டிக்கொண்டது. தான் தைத்தது எப்போது வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளும் என்ற பயம். நடந்தது அத்தனைக்கும் அந்தப் பயம்தான் காரணம்.

வீரம்மாவின் தங்கை ராக்காயி சுங்காய்ப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தாள். இருபத்தெட்டு வயது. கட்டிய புருஷன் இரண்டே வருஷத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவர்கள் அப்பா ஐயாவு கண் பார்வை மங்கிப்போனவர், வேலை செய்ய முடியாது. ஆனால் தோட்டத்தை விட்டு ஓர் அடி நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். லயத்து வீடு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான். ராக்காயி விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பெயர் கொடுத்து நிற்கும்வரைதான் அப்பாவுக்குக் கூரை. அவள் செய்தது மருந்து அடிக்கிற வேலை. முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு செம்பனை வரிசைகளில் புல் சாக மருந்து தெளிக்க வேண்டும்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஏறி அக்காவைப் பார்க்க வருவாள். பிப்ரவரியில் வந்தபோது, பம்பை அடிக்க அடிக்க ரவிக்கை அக்குளில் கிழிந்துபோகிறது, இழுத்துக் கொடுக்கிற மாதிரி ஒன்று தைத்துத் தா என்று கேட்டாள். வீரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் ஆர்டர்! டேப்பை எடுத்து மார்பு முப்பத்து நாலு, இடுப்பு இருபத்தெட்டு என்று அளந்தாள். அர்ச்சுனன் பாதி படித்துக்கொண்டிருந்த ஞாயிறு பத்திரிகையை அவன் கையிலிருந்து பிடுங்கி அதிலேயே அளவு வெட்டினாள். பத்திரிகையின் மேல் விளிம்பு நேராக இருக்கும் என்பதால் சட்டையின் கீழ் விளிம்பை எப்போதும் அதில் வைத்துத்தான் வெட்டுவாள். வெட்டிய தாளை எறியவும் மாட்டாள், சமையலறை ஆணியில் குத்தி வைப்பாள்.

அன்றைக்கு அளந்ததுதான் முதலும் கடைசியும். இறந்துபோன அவர்கள் அம்மா காளியம்மா ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். ஒரு உடம்பை ஒரு தடவைக்கு மேல் அளக்கக் கூடாது. தோட்டத்தில் மறுபடி அளக்கிறவன் தச்சன்தான், அவன் அளப்பது சவப்பெட்டிக்கு. பிள்ளைகள் பிறந்தால்கூட அவள் தராசில் வைக்க விட்டதில்லை. மற்ற விஷயத்தில் அம்மாவை ஆயிரம் எதிர்த்துப் பேசியிருந்தாலும் இதில் வீரம்மா அம்மா பிள்ளை. டேப்பைச் சுருட்டி டப்பாவில் போட்டு மூடிவிட்டாள்.

மார்ச்சில் ராக்காயி வரவில்லை, மழை என்று சொல்லி அனுப்பினாள். ஏப்ரலில் வந்தாள். அதே சட்டை, தோளிலிருந்து வழிந்து நின்றது. வீரம்மாவுக்குச் சுரீர் என்றது. பக்கத் தையலைக் கிள்ளிப் பார்த்தாள். இரண்டு விரற்கடை தொளதொளப்பு. என்னடி இது என்றாள்.

"துணிதான் இழுத்துக்குச்சுலா," என்றாள் ராக்காயி. "பம்பு கனம்க்கா. நாளு பூரா தொங்குதுல்ல."

வீரம்மா அதை அப்படியே நம்பினாள். நம்பாமல் என்ன? தன் கைமேல்தான் அவளுக்குச் சந்தேகமே தவிர தங்கைமேல் இல்லையே. பத்திரிகையைப் பிடுங்கி, இரண்டு விரற்கடை குறைத்து வெட்டி, அன்றே புதுச் சட்டை தைத்துக் கொடுத்தாள். ராக்காயி அதைப் போட்டுக்கொண்டாள். இறுக்கமாக, அழகாக உட்கார்ந்தது. பார்த்த வீரம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது.

மே மாதம் அந்தச் சட்டையும் தொளதொளத்தது. மறுபடி இரண்டு விரற்கடை. ஜூலையில் மறுபடி. ஆலைக்காரன் மட்டத் துணியைத் தலையில் கட்டிவிட்டான் என்று வீரம்மா ஏசினாள். நூலை மாற்றினாள், ஊசியை மாற்றினாள், மிஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு அதையும் நாலு வார்த்தை திட்டினாள். கண்முன்னே தங்கை தேய்ந்துகொண்டிருந்தாள். இவள் துணியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

கண்ணில் படாமலா போயிற்று? எல்லாம் பட்டது. ராக்காயி பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று நின்று வந்தாள். வெயில் என்றாள். வறட்டு இருமல் ஒன்று விடாமல் கூடவே வந்தது. தோட்டத்து மருந்தகத்து டிரெசர் வெள்ளை மாத்திரை கொடுத்திருக்கிறார் என்றாள். கறிக்குழம்பு வைத்தால் இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை, பஸ் ஏறும்போதே ரொட்டி தின்றேன் என்றாள். விரல் நகங்கள் வெளுத்து, இரண்டு நகம் பாதி கழன்று நின்றது. வீரம்மா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்து, மருந்துக் கையை சோப்புப் போட்டுக் கழுவ மாட்டியா எருமை என்று கத்தினாள். கத்திவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். அர்ச்சுனன் ஒரு தடவை, உன் தங்கச்சி ரொம்ப வாடிப் போயிருக்காளே என்று மெல்ல ஆரம்பித்தான். வெயிலில் நின்று பார் தெரியும், நீ லாரியில் உட்கார்ந்து போகிறவன் என்று அவன் வாயை அடைத்தாள். சட்டை இறுக்கமாக உட்கார்ந்திருந்ததே, அதுதான் அவள் கண்ணை மறைத்தது. அளவாகத் தைத்த சட்டைக்குள் யாரும் மெலிந்தவளாகத் தெரிவதில்லை.

ஆகஸ்டில் ஐந்தாவது தாளும் ஆணிக்குப் போயிற்று. முதல் சட்டையை, ஓரத்தைப் பிடித்துக் கொடு, வீட்டில் போட்டுக்கொள்கிறேன் என்று ராக்காயி அக்காவிடமே விட்டுப்போனாள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை பகல், மூன்றாவது வீட்டு அன்னபாக்கியம் கையில் ஒரு கவுனோடு வந்தார். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், புருஷன் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுஷி. மகளுக்கு என்று வீரம்மாவிடம் பிப்ரவரியிலேயே ஒரு கவுன் தைத்து வாங்கியிருந்தார். ராக்காயியின் முதல் சட்டை வெட்டிய அதே நீலத் துணி, அதே துண்டு.

"குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. தோய்க்கத் தோய்க்கச் சுருங்கிப் போச்சு. இப்ப பிள்ளைக்குத் தலையால இறங்குதில்லை."

வீரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சுருங்குவதாவது! இந்தத் துணியைப் பற்றி எனக்கா தெரியாது, இது இழுத்துக்கொள்கிற துணி அம்மா, உங்கள் பிள்ளை வளர்ந்திருக்கும் என்றாள். பிள்ளைக்கு இருபத்து நாலு வயது என்று அன்னபாக்கியம் பணிவாகச் சொன்னார். பருத்திப் பனியன் எதுவும் தண்ணீர் பட்டால் சுருங்கத்தானே செய்யும் என்றும் சொன்னார். கவுனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்றுதான் வீரம்மா அந்த நீலச் சட்டையை எடுத்தாள். ஆணியிலிருந்து பிப்ரவரித் தாளை உருவி மேசையில் விரித்தாள். அதன்மேல் சட்டையைப் பரப்பி, கையால் நீவிவிட்டாள். தாளைவிடச் சட்டை பெரிதாக இருக்க வேண்டும். இரண்டு விரற்கடையாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

சட்டை தாளைவிடச் சிறியதாக இருந்தது. ஒரு நூல் அளவு, அவ்வளவுதான். அன்னபாக்கியம் சொன்னது போலச் சுருங்கித்தான் இருந்தது.

திருப்பிப் போட்டுப் பார்த்தாள். தோள், அக்குள், இடுப்பு, எங்கும் இழுத்துக்கொள்ளவில்லை. நல்ல தையல். அவள் கையில் ஒரு குற்றமும் இல்லை. சட்டையை எடுத்துவிட்டு, பிப்ரவரித் தாளின் நடுவில் ஆகஸ்டுத் தாளை வைத்தாள். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு விரல் அகலத்துக்கு அடியிலிருந்த தாள் தெரிந்தது. பின்பக்கத்துக்கும் இதே கணக்கு. அத்தனையும் ராக்காயியின் உடம்பிலிருந்து போயிருந்தது. அடுப்பில் சோறு தீய்ந்தது, எழுந்துபோய் அணைக்கத் தோன்றவில்லை.

அர்ச்சுனன் வந்ததும் வராததுமாக லாரியைத் திருப்பச் சொன்னாள். சுங்காய் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயவில்லை. ராக்காயி வேலை முடிந்து வந்து, லயத்துக் குழாயடியில் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கி முடிப்பதற்காக உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போதுதான் வீரம்மாவுக்குப் புரிந்தது. அவள் வர மறுத்தாள். நாளைக்குப் பெரட்டுக்கு நிற்கவில்லையென்றால் கங்காணி பெயரை அடித்துவிடுவான், வீடு போய்விடும், அப்பா எங்கே போவார் என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். வீரம்மா அப்பாவை முதலில் லாரியில் ஏற்றப் போனாள். போக மாட்டேன் என்று ஐயாவு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். உங்களுக்கு வீடு வேண்டுமா, பொண்ணு வேண்டுமா என்று கேட்டாள். கிழவர் கையை எடுத்துவிட்டார்.

மறுநாள் காலை ஈப்போவில் ஆஸ்பத்திரி. படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் ஒரு சீனப் பெண், இளவயது. மலாயில்தான் கேட்டார். என்ன வேலை? மருந்து அடிக்கிற வேலை என்றாள் வீரம்மா. டாக்டர் அதை எழுதி அடியில் கோடு போட்டார். மெலிய ஆரம்பித்து எவ்வளவு நாள் என்று அடுத்துக் கேட்டார். ராக்காயி படுத்தபடியே, இரண்டு வாரம் இருக்கும் என்றாள். அப்போதும் அவள் மனசு தோட்டத்து வீட்டில்தான் இருந்தது.

வீரம்மா கையில் ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருந்தாள். அதிலிருந்து தாள்களை எடுத்துக் கட்டில் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடியில் பெரியது, மேலே மேலே சிறியது. ஐந்து தாளிலும் கீழ் விளிம்பில் அந்தந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி அச்சாகியிருந்தது. டாக்டருக்குத் தமிழ் தெரியாது, எண் தெரியுமே. ஒவ்வொன்றாகப் புரட்டினார். இதெல்லாம் யார் வெட்டியது என்று கேட்டார்.

"நான்தான்," என்றாள் வீரம்மா.

டாக்டர் இரண்டாவது தாளை மட்டும் தனியே எடுத்து, ஏப்ரல் தேதி அச்சாகியிருந்த இடத்தில் விரலை வைத்தார். இந்தச் சமயத்தில் கூட்டி வந்திருந்தால் நிறையச் செய்திருக்கலாம் என்றார். நுரையீரல் இரண்டும் கெட்டிப்பட்டுவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை என்று தணிந்த குரலில் சொன்னார். தாளைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வீரம்மா அந்தத் தாள்களை மடிக்கப் பார்த்தாள். மடிப்பு கோணல்மாணலாகப் போயிற்று. ஏன்டி சொல்லாம இருந்தே என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

ராக்காயி அக்காவின் கையைப் பிடித்தாள். நகம் கழன்ற விரல்கள், நேற்றிரவு தடவிவிட்ட எண்ணெயின் வழவழப்பு இன்னும் போகவில்லை.

"ஏப்ரல்ல நீ கிள்ளிப் பார்த்தப்ப கண்டுபிடிச்சிருவியோன்னு பயமா இருந்துச்சுக்கா," என்றாள். மூச்சுக்காக நிறுத்தினாள். "அப்பறம் ஒவ்வொரு தடவையும், இந்தத் தடவையாவது கண்டுபிடிப்பியான்னுதான் வந்தேன்."